ஒரு ‘ம்’ குறைந்த சொல்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கப்பல் கம்பெனி காலண்டர் தொங்கியது. வருஷம் முடிந்துபோன காலண்டர். ரங்கூனில் அலோன் துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த என் கணவருக்கு யாரோ ஒரு மாலுமி கொடுத்தது. தேதித் தாள்களையெல்லாம் கிழித்து நான் அடுப்பு மூட்டிவிட்டேன். மேலே இருந்த படத்தை மட்டும் அவர் தொடவிடவில்லை. நீலமான தண்ணீர், மூன்று பக்கமும் மலை, நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பாய்மரப் படகுகள். கரீபியன் கடலில் ஏதோ ஒரு தீவாம். புயல் அடித்தாலும் அந்த மூலைக்குள் காற்று வராதாம். லீவு விட்டால் பணக்காரர்கள் படகை எடுத்துக்கொண்டு போய் அங்கே நங்கூரம் போட்டுச் சும்மா கிடப்பார்களாம்.

“சும்மா கிடக்கிறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?” என்று கேட்டேன். பசுந்தாங்கில் நாலாம் மாடியில் குடியிருந்து, குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் கீழேயிருந்து வாளி தூக்கிக்கொண்டிருந்தவள் வேறென்ன கேட்பாள்? எனக்குச் சும்மா கிடக்க எங்கள் வீட்டுப் பாயே போதும். அதில் கிடக்கத்தான் நேரம் இல்லை. காலையில் சோறு, மத்தியானம் தையல் மெஷின், சாயங்காலம் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு மறுபடியும் தையல். அந்தக் காலத்தில் நான் எப்போது பார்த்தாலும் அலுப்பாகவே இருந்தேன்.

அந்த வருஷம் மழை விட்டு, தடிஞ்சுட் விளக்குப் பண்டிகை லீவு வந்தபோது, “நம்மளும் பாய்மரத்துல போவோம்” என்றார் அவர். கியாக்தானுக்குச் சட்டிப்பானை ஏற்றிப்போகிற படகுக்காரர் ஒருவரை அவருக்குத் தெரியும். பாலம் வந்துவிட்டது, பஸ்ஸில் ஏறினால் காலையில் போய்ச் சோற்று நேரத்துக்குள் இறங்கிவிடலாம், எதற்கு இந்தக் கூத்து என்றேன். “கியாக்தானும் தீவுதான். ஆத்து நடுவுல பயா இருக்கு” என்றார். பயா என்பது புத்தர் கோயில். காலண்டர் படத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கியாக்தானுக்குப் போகிற காரணம் வேறு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

காரணம் அவருடைய மகள். அப்போது பத்து வயது. நான் பெற்ற பிள்ளை இல்லை. அவளைப் பெற்றவள் பர்மாக்காரி, காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, எனக்கு முப்பத்துநாலு வயதில், இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று வீட்டில் கைகழுவிவிட்ட நேரத்தில், என்னைக் கட்டிக்கொண்டு வந்தார். அவருக்கே அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. வீட்டில் பேச்செல்லாம் பர்மா பாஷைதான். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். பெண்ணுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. இரண்டாம் மாடித் தமிழ்ப் பிள்ளைகளோடு படிக்கட்டில் விளையாடிப் பொறுக்கிய சொற்கள் கொஞ்சம் இருந்தன. பாதி திட்டுகிற சொற்கள்.

பர்மா பாஷையில் ‘நான்’ என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்ல முடியாது. எதிரில் இருப்பது யாரோ, அதற்குத் தகுந்த மாதிரி தன்னையும் சொல்லிக்கொள்ள வேண்டும். அம்மாவை அமே என்பார்கள். அமேயிடம் பேசுகிற பெண் ‘நான்’ என்று சொல்ல மாட்டாள், தமீ என்பாள். தமீ என்றால் மகள். அக்காவை அமா என்பார்கள். அமாவிடம் பேசுகிறவள் தன்னை ஞீமா, அதாவது தங்கச்சி, என்று சொல்வாள். பழக்கமில்லாத ஆளிடமும் பெரிய மனிதரிடமும் பேசினால் கியமா. தெருவில் அவித்த கடலை விற்கிறவளிடம்கூட எங்கள் வீட்டுப் பெண் தமீ, தமீ என்று குழைவாள். பிள்ளைகள் பெரியவர்களிடம் அப்படித்தான் பேசும். என்னிடம் மட்டும் கியமா. ஆபீசில் அதிகாரியிடம் மனு கொடுக்கிற மாதிரி. என்னைக் கூப்பிடுவதற்கோ அவளிடம் சொல்லே கிடையாது. வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். நானாகத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அவளை நான் குறை சொல்லவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படி என்றால் படிப்பாள். தலை பின்னிவிட்டால் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஆனால் இரண்டு வருஷம் ஒரு பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டு, அந்தப் பிள்ளை வாயால் ஒரு முறைகூடக் கூப்பிடப்படாமல் இருந்து பார்த்தால் தெரியும். எனக்கு அது வலித்தது. யாரிடம் சொல்வது?

கியாக்தானில் அவள் பெரியம்மா இருந்தாள், இறந்துபோனவளின் அக்கா. பிள்ளை குட்டி இல்லாதவள். பண்டிகைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிடித்துப்போனால் இங்கேயே இருந்து படிக்கட்டும் என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். “அவ இஷ்டம்” என்றார் என் கணவர். நானும் அவ இஷ்டம் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு அவளுடைய துணிகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பையில் அடுக்கினேன். ஒரு சட்டை வீட்டில் கிடந்தாலும் அப்புறம் அதை யார் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

படகு பசுந்தாங் ஓடையிலிருந்து கிளம்பியது. படகுக்காரரும் அவர் மனைவியும் அதிலேயே குடியிருப்பவர்கள். சட்டிப்பானைகளுக்கு நடுவே எங்களுக்கு ஒரு பாய் விரித்தார்கள். பாயா அது, கொசுவலை மாதிரி ஓட்டை. பாய்மரமும் அதே ஜாதிதான். எத்தனை ஒட்டுப் போட்ட துணி என்று தையல்காரியான என்னாலேயே எண்ண முடியவில்லை. காற்றும் பேருக்குத்தான். கடல் உள்வாங்குகிற நேரத்து வற்றம் எங்களை ஆற்றில் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போனது. என் கணவர் முன்பக்கம் போய் நின்றுகொண்டு ராஜா மாதிரி இரண்டு கரையையும் பார்த்தார். வெயில் என் உச்சந்தலையில் இறங்கியது. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

பெரிய ஆற்றில் ஒரு கப்பல் எங்களைத் தாண்டிப் போனது. அது போன பிறகுதான் அலை வந்தது. படகு ஏறி ஏறி இறங்கியது. பானைகள் ஒன்றோடொன்று கடகடவென்று இடித்தன. பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், காலையில் மீன்குழம்பு ஊற்றித் தின்ற மொஹிங்காச் சேமியா முழுவதும் என் மடியில். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் குனியவைத்தேன். முதுகெல்லாம் ஐஸாகச் சில்லிட்டிருந்தது. “பஸ்ஸுல போயிருந்தா இதெல்லாம் உண்டா?” என்று முன்பக்கம் பார்த்துக் கத்தினேன். அவர் காதில் விழாத மாதிரி நின்றார்.

கியாக்தானுக்குப் போகிற ஓடையின் வாயை அடைந்தபோது அதிலிருந்து தண்ணீர் இன்னும் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. எதிர்த்து உள்ளே போக முடியாது, கடல் ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார் படகுக்காரர். கழியை ஊன்றித் தள்ளித் தள்ளி, வாயைத் தாண்டியதும் இருந்த ஒரு வளைவுக்குள் படகைச் செருகி நங்கூரம் போட்டார். எங்களுக்கு முன்பே அங்கே நாலைந்து படகுகள் கிடந்தன. ஒன்றில் சோறு வேகிற வாசனை. கூரை வேய்கிற ஓலை மரங்கள் இரண்டு கரையிலும் நெருக்கமாக நின்று காற்றை மறைத்தன. தண்ணீர் வற்றி வற்றிச் சேறு மேலே வந்துகொண்டிருந்தது. படகு ஆடாமல் நின்றது.

என் கணவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். “படத்துல இருக்கிற மாதிரியே இல்ல?” என்றார்.

“ஆமா. நீலம் மட்டும்தான் குறைச்சல். சேறு கொஞ்சம் ஜாஸ்தி” என்றேன்.

“காத்து வருதா பாரு. ஒரு பொட்டுக் காத்து வருதா?”

“வரலை. அதனாலதான் கொசு வருது.”

அவர் சிரித்துக்கொண்டே சாய்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொடுத்து வைத்தவர். நான் ஆற்றுத் தண்ணீரில் என் தமேனைக் கசக்கிப் பிழிந்து, இடுப்பில் கட்டியிருந்தபடியே காயவிட்டேன். தமேன் என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற துணி. பெண் சுருண்டு கிடந்தவள், தானாக நகர்ந்து வந்து என் தொடையில் தலையை வைத்தாள். ஈரம் என்று சொன்னேன். எடுக்கவில்லை. அவள் நெற்றியைத் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“அமா, யே.”

யே என்றால் தண்ணீர். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. முதல் சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். என் காதில் அம்மா என்று விழுந்தது. நெஞ்சுக்குள் என்னவோ அவிழ்ந்த மாதிரி இருந்தது. அலுப்பு, இடுப்பு வலி, வாந்தி நாற்றம் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்ச் சட்டியை எடுத்து அவள் வாயருகே பிடித்தேன். அவள் குடித்தாள். மறுபடி படுத்துக்கொண்டாள். இந்த ஓடையிலேயே கிடந்துவிடலாம், ஏற்றம் வராமலே போகட்டும் என்று நினைத்தேன். அந்தக் காலண்டர்காரர்கள் எதற்கு அவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அப்போது எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

படகுக்காரரின் மனைவி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷி. “உங்க ஞீமாவா? இவ்வளவு சின்னவளா இருக்காளே” என்று கேட்டாள்.

நான் முழித்தேன். பக்கத்தில் படுத்திருந்த என் கணவர் தூங்கவில்லை போலிருக்கிறது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அமான்னு கூப்பிட்டால்ல, அதான் தங்கச்சியான்னு கேக்குறாங்க” என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, “தங்கச்சி இல்லை, என் மகள்” என்று அவளிடம் பர்மாவில் சொன்னார். அவளும் சிரித்தாள்.

நாள் தவறாமல் மார்க்கெட்டில் அமா இது என்ன விலை, அமா கொஞ்சம் குறைச்சுப் போடு என்று கடைக்காரிகளிடம் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தவள் நான். அந்தச் சொல்லையா எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று? ஆசை காதை அடைத்துவிட்டது. அக்காவாம். அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவளுக்கு அக்காவாம். சித்தி என்றாலாவது ஒரு முறை இருக்கிறது.

“ஏதோ ஒண்ணு, கூப்பிட்டாளே. அதுவே பெரிசு” என்றார் அவர்.

“சிரிச்சது போதும்” என்றேன்.

பெண் என் தமேனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாளா, கேட்டுக்கொண்டிருந்தாளா, தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை. ஏற்றம் மெதுவாக வந்தது. சேறு மறைந்தது. படகுகள் ஒவ்வொன்றாக நங்கூரத்தைத் தூக்கின. நாங்களும் தூக்கினோம். கால் மரத்துப்போய் என்னால் நீட்டவே முடியவில்லை.

கியாக்தானில் இறங்கியபோது வீடுகளில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவின் வீடு கரையோரம், மரக்கால் வைத்துத் தூக்கிக் கட்டியது. கருவாடு வியாபாரம். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பெண்ணின் வெளுத்த முகத்தைப் பார்த்ததும் கஞ்சி வைத்தாள். என்னைப் படுக்கச் சொல்லி, கால் பிடித்துவிட ஆள் கூப்பிடவா என்று கேட்டாள். பெண்ணுக்கென்று ஒரு கட்டில் போட்டுப் புதுக் கொசுவலை கட்டி வைத்திருந்தாள். அந்தக் கொசுவலையைப் பார்த்தபோதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மறுநாள் காலையில் கடோ. இந்தப் பண்டிகைக்குச் சின்னவர்கள் பெரியவர்களை விழுந்து கும்பிடுகிற வழக்கம் அது. பெண் பழமும் துணியும் வைத்துப் பெரியம்மாவைக் கும்பிட்டாள், அப்பாவைக் கும்பிட்டாள். இரண்டு பேரும் நீளமாக ஆசீர்வாதம் சொன்னார்கள். நான் கதவோரம் நின்றேன். “அவங்களையும் கும்பிடு” என்றாள் பெரியம்மா. கும்பிட்டாள். சொன்னதற்காகக் கும்பிட்டாள். பர்மாவில் என்ன சொல்லி ஆசீர்வாதம் செய்வது என்று எனக்கு வாயில் வரவில்லை. “நல்லா இரு” என்றேன் தமிழில்.

பிறகு ஆற்று நடுவில் இருக்கிற பயாவுக்குத் தோணியில் போனோம். வெறுங்காலோடுதான் போக வேண்டும். எல்லார் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது எப்போதும் என் வேலை. கெளுத்தி மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வர, பெண் பொரி உருண்டையைப் பிய்த்துப் போட்டாள். பெரியம்மா பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சரி, இவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டேன். கரைக்குத் திரும்பி இறங்கியதும் அவள் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்துக் கழுவி, துணியில் சுற்றி என் கூடையில் போட்டேன். வீடு பக்கம் என்பதால் அவள் அப்படியே நடந்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் பஸ் பிடிக்கக் கிளம்பினோம். படகென்றால் நான் இந்த ஊரிலேயே இருந்துவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வாசலில் எல்லோரும் நின்றோம். பெண்ணின் பை நடுவில் இருந்தது.

“என்ன செய்யறே, தமீ? இங்க இருக்கியா, ரங்கூன் போறியா?” என்று கேட்டாள் பெரியம்மா.

பெண் பையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அவள் அப்பா வெளியே ஆற்றைப் பார்த்தார். நானாவது வா என்று சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? அமே வா என்கிறாள் என்றா, அக்கா கூப்பிடுகிறாள் என்றா? பெரியம்மா கொஞ்சம் காத்திருந்துவிட்டு, “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று பையை எடுத்து உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். நான் என் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினேன். கூடை அன்றைக்குக் கல் மாதிரி கனத்தது. இனி பஸ்ஸில் நெரிசல், நாலு மாடி, வாளி, தையல் மெஷின். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதற்கும் என்னிடம் தெம்பு இல்லை.

பெண் வாசல்படிக்கு வந்தாள். செருப்புகள் வரிசையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். அதில் அவளுடையது இல்லை.

“அமா, தமீ பனா பெமாலே?” என்று கேட்டாள்.

பனா என்றால் செருப்பு. மகளுடைய செருப்பு எங்கே என்று கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

உள்ளேயிருந்து பெரியம்மா சிரித்தாள். “அமாகிட்டப் பேசும்போது தமீன்னு சொல்லுவாங்களா? ஞீமான்னு சொல்லணும். பள்ளிக்கூடத்துல என்னதான் சொல்லித் தராங்க?” என்றாள்.

பெண்ணுக்கு எரிச்சல். படியின் கீழே குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னாள். “அது நம்ம பாஷை அமா இல்ல, பெரியம்மா. அவங்க தமிழு. தமிழ்ல அமேக்கு அப்படித்தான்.”

பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பெண்ணின் தோளில் மாட்டிவிட்டாள். பெரியம்மாவின் கண்ணை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. படகிலும் பிள்ளை சரியாகத்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு ‘ம்’ அவள் நாக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

செருப்பு கூடையின் அடியில் ஈரத் துணியோடு கிடந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. கூடையோடு அவளிடம் நீட்டினேன்.